அதிநுண் துகள் அளவிகள் ஒத்துப்போகவில்லையா? அறிகுறி வாரியாகச் சரிபார்க்கும் முறை

காற்றில் மிதக்கும் 100 நானோமீட்டருக்குக் குறைவான துகள்களை அளக்க இரண்டு கருவிகளை அருகருகே வைத்து ஓட்டினால், முதல் நாளே இரண்டும் ஒரே எண்ணைக் காட்டுவது அபூர்வம். உடனே பலரும் எது நல்ல கருவி என்று மனத்துக்குள் முடிவு கட்டிவிடுகிறார்கள். அப்புறம் மற்றதன் எண்களை ஏதோ ஒரு எண்ணால் பெருக்கி, இரண்டு கோடுகளையும் வரைபடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். இந்தக் கருவிகளில் பிழையின் அளவு துகளின் அளவைப் பொறுத்து மாறும். இன்று சாலையோரப் புகையில் பொருந்திய பெருக்கு எண், நாளை கடற்காற்றில் பொருந்தாது.

எஸ்எம்பிஎஸ்ஸை நடுவில் வைத்தே இதை எழுதுகிறேன். அது நியூட்ரலைசர் என்ற பகுதியில் துகளுக்குத் தெரிந்த அளவில் மின்னூட்டம் கொடுத்து, டிஎம்ஏ என்ற உருளையில் மின்புலத்தால் அளவு பிரித்து, கடைசியில் பியூட்டனால் ஆவியால் துகளைப் பருக்கவைக்கும் சிபிசியில் ஒவ்வொன்றாக எண்ணுகிறது. பக்கத்தில் நிற்பது எஃப்எம்பிஎஸ், எல்பி, நானோஸ்கேன், டிஸ்க்மினி, தனி சிபிசி எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொரு அறிகுறியிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு வைப்பது கடைசியில்.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியவை

எல்லாக் கருவிகளும் ஒரே மேனிஃபோல்டிலிருந்து, அதாவது ஒரே பொதுக் காற்றுக் குழாயிலிருந்து காற்றை இழுக்கட்டும். ஒன்று ஜன்னலிலும் இன்னொன்று கதவோரத்திலும் உறிஞ்சினால் அது ஒப்பீடே இல்லை.

கடிகாரங்களை ஒரே நேரத்துக்கு வையுங்கள். எஸ்எம்பிஎஸ் மின்னழுத்தத்தை மாற்றிக்கொண்டே ஒவ்வோர் அளவாகப் பார்க்கும் ஒரு ஸ்கேனுக்குச் சில நிமிடங்கள் எடுக்கும், எஃப்எம்பிஎஸ் எந்த அளவில் எத்தனை துகள் என்ற முழுப் பரவலையும் ஒரு நொடியில் தரும். ஸ்கேன் பாதியில் இருக்கும்போது ஒரு பஸ் கடந்து போனால், அந்த நேரத்தில் அளந்துகொண்டிருந்த அளவில் மட்டும் ஒரு பொய் மேடு வரும். அதனால் ஒப்பிடுவதை மணி சராசரியிலோ, இன்னும் நல்லது, ஸ்கேன்களின் இடைநிலை மதிப்பிலோ செய்யுங்கள்.

எல்லா ஓட்டங்களையும் வெளி ஃபுளோ மீட்டரால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கருவித் திரையில் காட்டும் ஓட்டத்தை நம்பக் கூடாது. பழுது என்று வரும் புகார்களில் பெரும்பங்கு இந்த ஒரு வேலையிலேயே தீர்ந்துவிடும்.

## அறிகுறி: மொத்த எண்ணிக்கை ஒத்துப்போகவில்லை, பரவலின் வடிவம் சரியாகவே இருக்கிறது

அலகு. ஒரு கோப்பில் ஒவ்வொரு தட்டிலும், அதாவது ஒவ்வோர் அளவு இடைவெளியிலும் விழுந்த எண்ணிக்கை இருக்கும், இன்னொன்றில் அதைத் தட்டின் அகலத்தால் வகுத்து இயல்பாக்கிய டிஎன் பை டிலாக்டிபி (dN/dlogDp) இருக்கும். ஒரு கருவி பத்து மடங்கு அளவு வரம்பை 64 தட்டாகப் பிரிக்கும், மற்றது 16 தட்டாகப் பிரிக்கும். இயல்பாக்காத எண்ணிக்கையை நேரே ஒப்பிட்டால் நான்கு மடங்கு வித்தியாசம் வரத்தான் செய்யும். வித்தியாசம் 2, 4, 16, 32, 64 மாதிரி வட்டமான எண்ணாக இருந்தால் கருவியைத் தொடாதீர்கள், ஏற்றுமதி அமைப்பைப் பாருங்கள்.

அளவு வரம்பு. எஸ்எம்பிஎஸ் 14 நானோமீட்டரில் தொடங்குகிறது, பக்கத்துச் சிபிசி 4 நானோமீட்டரிலிருந்தே எண்ணுகிறது என்று வையுங்கள். புதுத் துகள்கள் உருவாகும் நண்பகலில் 4-க்கும் 14-க்கும் இடையில் ஏராளமாகக் கிடக்கும், அவ்வளவும் சிபிசி கணக்கில் மட்டும் ஏறும். சிபிசியின் வெட்டு அளவு என்பது பாதித் துகள்கள் எண்ணப்படும் அளவு மட்டுமே. அதற்குச் சற்று மேலேயும் சில துகள்கள் தப்பும். எனவே இரண்டு கருவிகளும் தெளிவாகப் பார்க்கும் பொது வரம்பை மட்டும் கூட்டி ஒப்பிடுங்கள்.

வெப்ப, அழுத்தத் திருத்தம். ஒன்று அறை நிலையில் உள்ள கன சென்டிமீட்டர், மற்றது 0 டிகிரிக்கும் 1013 ஹெக்டோபாஸ்கலுக்கும் திருத்தப்பட்ட கன சென்டிமீட்டர். அறை 30 டிகிரியில் இருந்தால் இதனால் மட்டுமே 11 சதவீத வித்தியாசம் வந்துவிடும். எப்போதும் ஒரே விகிதத்தில் 10, 11 சதவீதம் தள்ளி நின்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மின்முனைக் குறி. டிஎம்ஏ-வில் நேர் மின்னழுத்தம் கொடுத்தால் எதிர் மின்னூட்டத் துகள்கள் வெளிவரும், எதிர் மின்னழுத்தம் கொடுத்தால் நேர் மின்னூட்டத் துகள்கள். இரண்டும் சம அளவில் இருப்பதில்லை. 100 நானோமீட்டர் துகள்களில் ஓர் எதிர் மின்னூட்டம் ஏற்பவை சுமார் 28 சதவீதம், ஒரு நேர் மின்னூட்டம் ஏற்பவை சுமார் 21 சதவீதம். மென்பொருளில் குறி தவறாக இருந்தால் எண்ணிக்கை முப்பது சதவீதம் வரை ஏறியோ இறங்கியோ நிற்கும், பரவலின் வடிவம் மட்டும் பார்க்கச் சரியாகவே இருக்கும். உயர் மின்னழுத்த மூலத்தை மாற்றியவர் அமைப்பை மாற்ற மறந்திருப்பார். எக்ஸ்-கதிர் வகை நியூட்ரலைசருக்கு மாறியிருந்தாலும் மென்பொருளில் அதற்குரிய மின்னூட்டக் கணக்கு தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

சிபிசியின் ஓட்டம். உள்ளே இருக்கும் நுண்துளை அடைத்தால் ஓட்டம் குறையும். மென்பொருளோ பழைய ஓட்டத்தை வைத்தே வகுக்கும். வெளி மீட்டரில் 5 சதவீதம் குறைந்தால் எண்ணிக்கையும் அதே 5 சதவீதம் குறையும். வெளி வெற்றிட பம்ப் பலவீனமாக இருந்தாலும் இதே கதை. பம்பை மாற்றிப் பார்ப்பது துளையைக் கழற்றுவதைவிட எளிது.

அதிகச் செறிவு. கன சென்டிமீட்டருக்கு 10,000-க்கு மேல் போகும்போது மட்டும் சிபிசி பின்தங்குகிறதா? சில மாடல்கள் தனித்தனியாக எண்ணும் எல்லை அதுதான். அதற்கு மேல் இரண்டு துகள்கள் ஒரே நேரத்தில் ஒளிக்கற்றையைக் கடந்து ஒன்றாக எண்ணப்படும். மாதிரிக் காற்றோடு சுத்தக் காற்றைக் கலந்து நீர்க்கச் செய்யும் கருவி போட்டு மீண்டும் பாருங்கள்.

நியூட்ரலைசர். இதுவரை எதுவும் பிடிபடவில்லை என்றால் அதற்குள் இருக்கும் கதிரியக்க மூலத்தின் வயதைப் பாருங்கள். பொலோனியம்-210-இன் அரை ஆயுள் 138 நாள்தான். ஓர் ஆண்டு கடந்த பொலோனியத்தை வைத்து ஒப்பீடு செய்வது வீண் வேலை. கிரிப்டான்-85-க்கு 10.8 ஆண்டு. அமெரிசியம்-241-க்கு 432 ஆண்டு என்பதால் அதில் வயது பிரச்சினை இல்லை, ஆனால் உள்ளே அழுக்குப் படிந்திருக்கலாம். சோதனை எளிது: இன்னொரு நியூட்ரலைசரைத் தொடராக முன்னால் போடுங்கள். எண்ணிக்கை கணிசமாக மாறினால் பழையது போதவில்லை.

## அறிகுறி: ஹெப்பா வடிகட்டி மாட்டியும் துகள் தெரிகிறது

முதலில் வடிகட்டியை நேரடியாகச் சிபிசியின் வாயில் மாட்டுங்கள். எண்ணிக்கை கன சென்டிமீட்டருக்கு ஒன்றுக்கு வெகு கீழே போக வேண்டும்.

*சிபிசியிலேயே சுழியம் வரவில்லை.* கருவியைச் சாய்த்தோ திரவத்தோடு தூக்கியோ கொண்டுவந்திருந்தால் ஒளியியல் பகுதிக்குள் பியூட்டனால் புகுந்திருக்கும். திரவத்தை வடித்துவிட்டு, நிரப்பும் பாட்டிலைக் கழற்றி, வடிகட்டியோடு பல மணி நேரம் உலர ஓடவிடுங்கள். இரவு முழுக்க ஓடினால் நல்லது. அப்படியும் தணியவில்லை என்றால் உள்ளே லேசர் பகுதியைத் துடைக்க வேண்டியிருக்கும். அதை நீங்களே செய்ய வேண்டாம்.

*சிபிசியில் சுழியம், எஸ்எம்பிஎஸ் வாயில் மாட்டினால் மட்டும் துகள்.* கசிவு. சிபிசிக்கும் டிஎம்ஏ-வுக்கும் இடையிலான இணைப்பு, பெரிய துகள்களை வாயிலேயே தடுக்கும் இம்பாக்டரின் மூடி, டிஎம்ஏ வளையங்கள் என்ற வரிசையில் பாருங்கள்.

*கசிவு இல்லை, பெரிய அளவுகளில் மட்டும் திடீர் கூர்முனைகள்.* பெரிய துகளுக்குத்தான் உயர் மின்னழுத்தம் போகிறது, எனவே டிஎம்ஏ-வுக்குள் தீப்பொறி என்று கொள்ளலாம். டிஎம்ஏ-வுக்குள் மாதிரியோடு சேர்ந்து ஓடும் சுத்தக் காற்றான ஷீத் காற்று ஈரமாக இருக்கிறதா, நடு உருளையில் தூசியோ இழையோ படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே 10,000 வோல்ட் வரை போகும். மின்சாரத்தை அணைத்து, கம்பியைப் பிடுங்கி, மின்னூட்டம் வடியும்வரை காத்திருந்து, அதற்குப் பிறகுதான் கழற்ற வேண்டும்.

எஃப்எம்பிஎஸ், எல்பி, டிஸ்க்மினி துகளை எண்ணுவதில்லை, அது சுமந்துவரும் மின்னோட்டத்தை அளக்கின்றன. அவற்றில் சுழியம் என்பது எப்போதும் ஓர் இரைச்சல் மட்டம்தான். போதிய நேரம் சூடாகவிட்டு, பிறகு சுழியமாக்குங்கள். ஏசி காற்று நேரே படும் இடத்தில் வைக்காதீர்கள். மிகச் சுத்தமான காற்றில் சிபிசியோடு இவற்றை ஒப்பிட்டுக் குறை சொல்வதும் நியாயமில்லை.

## அறிகுறி: பரவலின் உச்சி ஒரு கருவியில் இடமோ வலமோ நகர்ந்து நிற்கிறது

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்.

எந்த விட்டம்? எஸ்எம்பிஎஸ், எஃப்எம்பிஎஸ், நானோஸ்கேன் மூன்றும் மின்புலத்தில் துகள் நகரும் வேகத்தை வைத்து விட்டம் சொல்கின்றன. எல்பி ஏரோடைனமிக் விட்டம் சொல்கிறது, அதில் அடர்த்தியும் கலந்திருக்கிறது. டீசல் கரித்துகள் கிளைகிளையாக இருக்கும். அதன் பயனுறு அடர்த்தி 50 நானோமீட்டர் அருகில் 1-க்குச் சற்றுக் கீழே, 300 நானோமீட்டரில் 0.3 அளவுக்கு இறங்கிவிடும். எல்பி மென்பொருளில் அடர்த்தி 1 என்றே கிடந்தால், கரிப்புகையில் அதன் உச்சி எஸ்எம்பிஎஸ்ஸின் உச்சிக்கு இடப்பக்கம் விழும். இதில் பழுது எதுவும் இல்லை. அமோனியம் சல்ஃபேட் துகளைத் தெளித்து, அதன் அடர்த்தி 1.77 என்று கொடுத்து ஒருமுறை ஓட்டுங்கள். அப்போது இரண்டும் நெருங்கிவந்தால் விஷயம் துகளின் வடிவத்தில் இருக்கிறது, கருவியில் இல்லை.

எந்த மையம்? டிஸ்க்மினி பரவலைப் பார்ப்பதே இல்லை. இரண்டு மின்னோட்டங்களின் விகிதத்திலிருந்து ஒரு சராசரி விட்டத்தைக் கணக்கிடுகிறது, அதற்குப் பரவலின் அகலத்தை அதுவே ஊகித்துக்கொள்கிறது. அதன் எண்ணை எஸ்எம்பிஎஸ்ஸின் உச்சியோடு ஒப்பிட்டால் ஒத்துவராது, சராசரியோடுதான் ஒப்பிட வேண்டும். 20-லும் 90-லும் இரண்டு மேடுகள் இருக்கும் காற்றில், இரண்டுக்கும் நடுவே துகளே இல்லாத ஓரிடத்தை அது சுட்டிக்காட்டலாம்.

ஈரம். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் 80 சதவீத ஈரப்பதம் சாதாரணம். உப்பும் சல்ஃபேட்டும் நீர் குடித்துப் பருக்கும். ஒரு கருவிக்கு உலர்த்தி இருந்து மற்றதற்கு இல்லையென்றால் உச்சி நகரத்தான் செய்யும். ஐரோப்பிய நிலையங்களின் கூட்டமைப்பான ஆக்ட்ரிஸ் வைத்திருக்கும் விதி 40 சதவீதத்துக்குக் கீழே. மாதிரிக் காற்றை மட்டும் உலர்த்தினால் போதாது, ஷீத் காற்றின் ஈரத்தையும் அளக்க வேண்டும்.

ஷீத் ஓட்டம். தெரிந்த அளவுள்ள பாலிஸ்டைரீன் லேடெக்ஸ் உருண்டைகள்தான் இதற்கு நீதிபதி. 203 நானோமீட்டர் உருண்டையைத் தெளித்தால் உச்சி 197-க்கும் 209-க்கும் இடையில், அதாவது 3 சதவீதத்துக்குள் விழ வேண்டும்.

உச்சி அதற்கு மேலே விழுந்தால் உண்மையான ஷீத் ஓட்டம் நீங்கள் கொடுத்ததைவிட அதிகம், அல்லது மின்னழுத்தம் குறைவு. கீழே விழுந்தால் நேர்மாறு. மறுசுழற்சி செய்யும் ஷீத் பாதையில் வடிகட்டி அடைத்துக்கொள்வது சகஜம், அதை மாற்றுவது பெரிய செலவும் இல்லை. ஷீத் 5 சதவீதம் தவறினால் சிறிய துகள்களின் விட்டம் சுமார் 2.5 சதவீதம் நகரும், பெரியவற்றில் அதைவிடக் கூடுதலாக நகரும்.

60 நானோமீட்டர் மாதிரி சிறிய லேடெக்ஸை வைத்துச் சோதித்தால் 20, 30 நானோமீட்டர் பக்கம் இன்னொரு பெரிய மேடு வரும். அது கரைசலில் இருக்கும் சோப்புப் பொருளின் எச்சம். பலர் அதைக் கருவியின் கோளாறு என்று நினைத்துத் தவிக்கிறார்கள். கரைசலை மேலும் நீர்த்தால் அது சிறிதாகி இடப்பக்கம் நகரும், லேடெக்ஸ் உச்சி அசையாது.

மின்னழுத்தம். 203-இல் சரி, சிறிய அளவில் மட்டும் தவறு என்றால் மின்மூலத்தின் அடிமட்டத்தைச் சந்தேகியுங்கள். நீளமான டிஎம்ஏ-வில் ஷீத் நிமிடத்துக்கு 3 லிட்டராக இருந்தால் 10 நானோமீட்டர் துகளைப் பிரிக்கத் தேவைப்படுவது 6 வோல்ட் அளவுதான். அங்கே 1 வோல்ட் தவறு இருந்தால் விட்டம் சுமார் 8 சதவீதம் நகர்ந்துவிடும். அதே 1 வோல்ட் ஆயிரக்கணக்கான வோல்ட்டில் தெரியவே தெரியாது. இதை அளக்க உயர் மின்னழுத்த மீட்டர் வேண்டும், சரிசெய்ய சர்வீஸ் ஆள் வேண்டும்.

## அறிகுறி: 20 நானோமீட்டருக்குக் கீழே மட்டும் ஒன்று குறைவாகக் காட்டுகிறது

குழாய். பத்தில் எட்டு ஒன்பது முறை குழாய்தான் என்று தைரியமாகச் சொல்வேன்.

சிறிய துகள்கள் குழாய்ச் சுவரில் முட்டி ஒட்டிக்கொள்கின்றன. காற்று சீராக ஓடும்வரை இந்த இழப்பைத் தீர்மானிப்பது குழாயின் நீளமும் ஓட்டமும் மட்டுமே. உள்விட்டத்துக்கு இதில் பங்கில்லை. அதனால் ‘குழாயைப் பெரிதாக்கிவிட்டேன்’ என்பது தீர்வாகாது. 1 மீட்டர் குழாயில் நிமிடத்துக்கு 1 லிட்டர் ஓடினால் 10 நானோமீட்டர் துகளில் பத்தில் ஒன்று போகும். அதே குழாயில் 0.3 லிட்டர் ஓடினால் ஐந்தில் ஒன்றுக்கு மேல் போகும். எஃப்எம்பிஎஸ்ஸும் எல்பியும் 10 லிட்டர் இழுப்பவை, எஸ்எம்பிஎஸ் பல நேரம் 0.3 லிட்டர்தான். இரண்டுக்கும் ஒரே நீளக் குழாய் போட்டு ‘சமமாக வைத்தேன்’ என்று திருப்திப்படுவது பெரிய ஏமாற்றம்.

செய்ய வேண்டியது: மேனிஃபோல்டில் நிறைய காற்றை வேகமாக ஓடவிட்டு, கருவியின் வாய்க்கு மிக அருகில் கிளை பிரியுங்கள். பிறகு குழாயைப் பாதியாக வெட்டிப் பாருங்கள். சிறிய துகள்கள் கூடினால் காரணம் கிடைத்துவிட்டது.

குழாயின் பொருளும் முக்கியம். துருப்பிடிக்காத எஃகு, செம்பு, மின் கடத்தும் கறுப்பு சிலிக்கோன் இவை மட்டுமே. வெள்ளை டெஃப்ளானும் சாதாரண பிளாஸ்டிக்கும் நிலைமின்னூட்டம் பிடித்துத் துகளை விழுங்கும். கறுப்பு சிலிக்கோனிலிருந்து சிலாக்ஸேன் ஆவி வரும் என்பதால், அதே பாதையில் வேதிப் பகுப்பாய்வுக் கருவியும் இருந்தால் எஃகுதான் சரி.

குழாய் சரியென்றால் மென்பொருளில் இழப்புத் திருத்தம் ஒன்றில் போட்டும் மற்றதில் போடாமலும் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கும் பிறகு சிபிசியின் வெட்டு அளவு. பியூட்டனாலில் நீர் கலந்திருந்தாலோ, சூடேற்றும் பகுதிக்கும் குளிரூட்டும் பகுதிக்கும் இடையிலான வெப்ப இடைவெளி குறைந்திருந்தாலோ சிறிய துகள்கள் பருக்காமலே கடந்துபோகும். புதுப் பியூட்டனால் ஊற்றிப் பாருங்கள். அதிலும் தீராவிட்டால் வெட்டு அளவை ஆய்வகத்தில்தான் அளக்க முடியும்.

எல்லாம் சரியாக இருந்தும் கொஞ்சம் வித்தியாசம் மிச்சம் இருக்கும். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் டிரோபோஸ் நிறுவனத்தில் இருக்கும் உலக அளவுத்திருத்த மையத்தில் நன்றாகப் பராமரித்த எஸ்எம்பிஎஸ் வகைக் கருவிகளை ஒப்பிட்டபோதே, 20 முதல் 200 நானோமீட்டர் வரை 10 சதவீதத்துக்குள் ஒத்துப்போனவை அதற்குக் கீழே கூடுதலாகப் பிரிந்தன. அங்கேயே அப்படியென்றால், நம் அறையில் 12 நானோமீட்டரில் 5 சதவீதத்தைத் துரத்துவதில் பயனில்லை.

## அறிகுறி: 100 நானோமீட்டருக்கு மேல் மட்டும் விலகல்

பக்கத்தில் இருப்பது எஃப்எம்பிஎஸ் என்றால் இது எதிர்பார்க்க வேண்டியதே. அது ஒரே குறி அயனிகளால் மின்னூட்டம் கொடுக்கிறது. பெரிய துகள்கள் பல மின்னூட்டங்களை ஏற்று, சிறியவற்றைப் போலவே நகர்கின்றன. அதனால் 80, 100 நானோமீட்டருக்கு மேல் அது அளவைக் குறைத்துக் காட்டுவது பல ஆய்வுகளில் பதிவானது. கரித்துகளில் இன்னும் மோசம். இங்கே மட்டும் எஸ்எம்பிஎஸ்ஸை வைத்து அளவு வாரியான திருத்தம் போடுவதை ஏற்றுக்கொள்ளலாம், அதுவும் அதே வகைக் காற்றுக்கு மட்டும்.

எஸ்எம்பிஎஸ் பக்கம் கோளாறு என்றால் இம்பாக்டரைக் கழற்றிப் பாருங்கள். முனை அடைத்திருக்கும், தட்டில் கறுப்பு மேடு வளர்ந்திருக்கும். துடைத்து, மெல்லிதாக கிரீஸ் தடவி மாட்டுங்கள். பலமின்னூட்டத் திருத்தம் மென்பொருளில் போட்டிருக்கிறதா என்பதையும் கையோடு பார்த்துவிடலாம். எல்பியிலும் தகடுகளுக்குக் கிரீஸ் தேவை. இல்லையென்றால் பெரிய துகள்கள் எகிறிக் குதித்துக் கீழ்த்தட்டுகளில் விழுந்து, அங்கே சிறிய துகள்கள் அதிகம் என்று காட்டும்.

ஒளிச் சிதறலில் வேலை செய்யும் மலிவு உணரிகளை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே வேண்டாம். அவை 300 நானோமீட்டர் அருகில்தான் பார்க்கவே தொடங்குகின்றன.

## அறிகுறி: ஏறு ஸ்கேனில் ஓரிடம், இறங்கு ஸ்கேனில் வேறிடம்

டிஎம்ஏ-விலிருந்து சிபிசிக்குத் துகள் போய்ச் சேரும் நேரம் மென்பொருளில் தவறு. இடையில் யாராவது நீளக் குழாய் மாட்டியிருப்பார்கள். குழாயைச் சுருக்குங்கள், அல்லது தாமத நேரத்தைப் புதிதாகக் கொடுங்கள், இரண்டு உச்சிகளும் ஒன்றாகும். ஸ்கேனை மிக வேகமாக வைத்திருந்தாலும் இப்படி ஆகும், மெதுவாக்கிப் பாருங்கள்.

## அறிகுறி: காலையில் ஒத்துப்போகிறது, நாள் போகப் போகப் பிரிகிறது

கடலோரத்தில் அநேகமாகப் பியூட்டனாலில் நீர் சேர்வதுதான் காரணம். குளிர்பகுதியில் காற்றின் ஈரம் ஒடுங்கித் திரவத்தோடு கலக்கிறது. நீர் அகற்றும் வசதி இருந்தால் அதை இயக்கி வையுங்கள், இல்லாவிட்டால் திரவத்தை அடிக்கடி மாற்றுங்கள். கழிவுக் குழாயைக் கட்டாயம் வெளியே விடுங்கள். பியூட்டனால் சுமார் 35 டிகிரியிலேயே தீப்பிடிக்கக்கூடிய ஆவி தரும், நம் மே மாத அறைகள் அந்த வெப்பத்தை எளிதாகத் தொடும். தவிர, அந்த ஆவி பக்கத்துக் கருவியின் வாய்க்குள் போனால் இன்னொரு குழப்பம்.

திரவம் மாற்றியும் பிரிந்தால் ஷீத் காற்றின் வெப்பநிலையையும் மின்னோட்ட அளவிகளின் சுழியத்தையும் மணிக்கொருமுறை குறித்துப் பாருங்கள்.

## எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்

கதிரியக்க நியூட்ரலைசரைத் திறப்பது, துடைப்பது, மாற்றுவது எதுவும் உங்கள் வேலை இல்லை. நிறுவனத்தின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியிடம் சொல்லுங்கள். இந்தியாவில் இத்தகைய மூலங்களை வைத்திருப்பதும் அனுப்புவதும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகளுக்கு உட்பட்டவை. கூரியரில் போட்டு அனுப்பும் பொருள் அல்ல.

சிபிசியின் லேசர் பகுதி, உயர் மின்னழுத்த மூலம், கீறல் விழுந்த டிஎம்ஏ உருளை இந்த மூன்றும் தயாரிப்பாளரின் சர்வீசுக்குப் போக வேண்டியவை. ஓட்டம் சரி, சுழியம் சரி, குழாய் குட்டை, லேடெக்ஸ் உச்சி இடத்தில் இருக்கிறது, ஆனாலும் பொது வரம்பில் 20 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் நிற்கிறது என்றால் சிபிசியை அளவுத்திருத்தத்துக்கு அனுப்புங்கள். ஐஎஸ்ஓ 27891-இன் படி செய்து தரச் சொல்லிக் கேளுங்கள். வெறும் ‘சர்வீஸ் செய்யப்பட்டது’ என்ற தாள் போதாது, எந்தெந்த அளவில் எத்தனை சதவீதம் எண்ணுகிறது என்ற வளைவு வேண்டும்.

அனுப்பும்போது அளந்த ஓட்டங்கள், சுழியச் சோதனை, லேடெக்ஸ் உச்சி, குழாய் நீளங்கள், மூலக் கோப்புகள் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் அவர்கள் முதல் இரண்டு நாளும் நீங்கள் ஏற்கெனவே செய்த சோதனைகளையே திரும்பச் செய்வார்கள். பியூட்டனாலை வடித்து, முழுக்க உலர்த்தி, வாய்களுக்கு மூடி போட்டு, அதற்குப் பிறகுதான் பெட்டியில் வைக்க வேண்டும்.